24 மாசக் கணக்கு

"முன்கூட்டியே." இந்த ஒரு சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

மார்மன் சமூகத்தில் மிஷனரி ஊழியத்துக்குப் போய்வந்த இளைஞரை "ரிட்டர்ன்ட் மிஷனரி" என்பார்கள். சுருக்கமாக ஆர்.எம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் அது கிட்டத்தட்ட ஒரு பட்டம். யாரைக் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்ற பேச்சு வந்தால், பையன் ஆர்.எம்.மா என்ற கேள்வியும் கூடவே வரும். அந்தப் பட்டத்துக்கு முன்னால் "முன்கூட்டியே" என்று ஒரு சொல் ஒட்டிக்கொண்டால் போதும், பட்டம் பழியாகிவிடும். அவன் கற்ற மொழி, ஏறி இறங்கிய படிகள், முகத்தில் அறைந்து சாத்தப்பட்ட கதவுகள் எதுவும் கணக்கில் வராது. மிச்சம் வைத்துவிட்டு வந்த மாதங்கள் மட்டும் கணக்கில் வரும்.

அப்படித் திரும்பிய பிள்ளைகளுக்கு எப்படி ஆதரவு தருவது என்று அந்தச் சமூகம் இப்போது நிறையவே பேசுகிறது. அன்பாயிருங்கள், பொறுமையாயிருங்கள், ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள். எல்லாம் சரிதான். ஆனால் ஒரு கையால் மருந்து தடவிக்கொண்டு இன்னொரு கையால் மாதத்தை எண்ணிக்கொண்டிருந்தால் காயம் எப்படி ஆறும்? முதலில் எண்ணுவதை நிறுத்துங்கள். நான் சொல்ல வருவது இதைத்தான்.

*

பின்னணி தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். "பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை" என்பது முழுப்பெயர். 1830-இல் ஜோசஃப் ஸ்மித் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கியது. மார்மன் என்ற பெயரைத் தவிர்க்கும்படி 2018-இல் சபைத் தலைமை கேட்டுக்கொண்டது. வாசகருக்குப் பழகிய பெயர் என்பதால் இங்கே அதையே எழுதுகிறேன்.

ஊழியத்துக்குப் போகும் வயதை 2012-இல் சபை குறைத்தது. ஆண்களுக்கு 19 இருந்தது 18 ஆனது, பெண்களுக்கு 21 இருந்தது 19 ஆனது. ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். எந்த ஊர், எந்த நாடு என்பதைச் சபைதான் முடிவு செய்யும். செலவை மிஷனரியும் குடும்பமும் ஏற்க வேண்டும். அமெரிக்கப் பிள்ளைகளுக்கு மாதம் 400 டாலராக இருந்த பங்கு 2020 ஜூலையிலிருந்து 500 டாலர். எப்போதும் ஒரு ஜோடி உண்டு. ஜோடியைத் தேர்ந்தெடுக்கவும் முடியாது, விட்டுப் பிரியவும் முடியாது. 2019 பிப்ரவரி வரைக்கும் வீட்டுக்குப் பேச வருடத்தில் இரண்டே நாட்கள்தான்: கிறிஸ்துமஸ், அன்னையர் தினம். மற்றபடி வாரம் ஒரு மின்னஞ்சல்.

பதினெட்டு வயசுப் பையன். அம்மா குரலைக் கேட்க டிசம்பர் வரை காத்திருக்கணும். இதைத் தாங்கியவர்கள் லட்சக்கணக்கில் உண்டு, அவர்களில் பலருக்கு வாழ்க்கையின் மிகச்சிறந்த காலமும் அதுதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தாங்க முடியாமல் போன ஒருவனைப் பார்த்து "ஏன் உன்னால முடியல?" என்று கேட்பவர்கள், எதைத் தாங்கச் சொன்னோம் என்பதையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

*

சரி, அந்த 24 மாதம் எங்கிருந்து வந்தது? வேதத்திலா? இல்லை.

சபையின் தொடக்க காலத்தில் கெடு என்று ஒன்று கிடையாது. மனைவி மக்களை விட்டுவிட்டுச் சிலர் சில வாரம் போனார்கள், சிலர் சில வருடம் போனார்கள். பிறகு கெடு வந்தது, வந்த கெடுவும் மாறியது. 1982-இல், குடும்பங்களுக்குச் செலவு குறையட்டும் என்று ஆண்களின் ஊழியக் காலத்தைச் சபையே 18 மாதமாகக் குறைத்தது. மூன்று வருடம்கூட ஆகவில்லை, மறுபடி 24 ஆக்கியது. ஆக, 1983-இல் 18 மாதம் முடித்து வந்தவர் ஊழியத்தை நிறைவு செய்தவர். இன்று அதே 18 மாதத்தில் வருபவர் பாதியில் வந்தவர். அவருடைய தங்கை 18 மாதத்தில் வந்தால் அவள் நிறைவு செய்தவள். ஒரே வீடு, ஒரே விசுவாசம், ஒரே 18 மாதம். அண்ணன் தலைகுனிந்து நிற்கிறான், தங்கைக்கு வாழ்த்து அட்டை!

2020 மார்ச்சில் இந்தக் கணக்கு இன்னும் அப்பட்டமாகத் தெரிந்தது. கொரோனா பரவியதும் வெளிநாடுகளில் இருந்த ஆயிரக்கணக்கான மிஷனரிகளைச் சபை ஊருக்கு அழைத்துக்கொண்டது. அமெரிக்க, கனடிய ஆண்களுக்கு 21 மாதமே போதும் என்று அறிவித்தது. பிலிப்பைன்ஸிலிருந்து வந்த விமானங்கள் சால்ட் லேக் சிட்டியில் இறங்கியபோது, பெற்றோர் மட்டும் வாருங்கள் என்ற வேண்டுகோளையும் மீறி, வாகன நிறுத்துமிடத்தில் கூட்டம் அலைமோதியது. தொற்று பற்றிய பயத்தைக்கூட மறக்கடித்த வரவேற்பு அது.

அன்று வந்தவர்களும் கெடுவுக்கு முன்னால் வந்தவர்கள்தான். அவர்களில் யாரையாவது பார்த்து "முழுசா முடிக்கலையா?" என்று யாராவது கேட்டார்களா? கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று எவரும் வகுப்பு எடுக்கவும் இல்லை. காரணம் நுரையீரலில் இருந்ததால் எல்லோருக்கும் தானாகவே புரிந்தது. மனசில் இருந்தால் மட்டும் ஏன் புரிய மாட்டேன் என்கிறது?

*

உண்மையில் அங்கே ஒரு படிநிலை இருக்கிறது. யாரும் எழுதிவைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். கால் உடைந்து வந்தால் மரியாதை. மனச்சோர்வோடு வந்தால் அனுதாபம், கூடவே அடிக்குரலில் ஒரு சந்தேகம்: "இன்னும் கொஞ்சம் ஜெபம் பண்ணியிருக்கலாமோ?" பழைய தவறு ஒன்றை ஒப்புக்கொண்டு திரும்பி வந்தால் மௌனம். விசுவாசமே போய்விட்டது என்று சொல்லிவிட்டு வந்தால் வீட்டுக்குள்ளேயே இழவு.

இதில் கடைசி இருவரைப் பற்றி யாரும் பேச விரும்புவதில்லை. ஆதரவு பற்றிய பேச்செல்லாம் நோயாளிகளோடு நின்றுவிடுகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒப்புக்கொண்டவன் உண்மையைச் சொன்னான். வாயை மூடிக்கொண்டிருந்தால் 24 மாதத்தையும் ஓட்டி முடித்து, கொட்டு முழக்கோடு வந்திருக்கலாம். விசுவாசம் போனவனும் அப்படித்தான். தான் நம்பாத ஒன்றை நம்பும்படி அடுத்தவரிடம் சொல்ல மாட்டேன் என்று வந்துவிட்டான். நேர்மையைப் போதிக்கும் ஒரு சமயத்தில் நேர்மைக்குக் கிடைக்கும் கூலி இதுவா?

யூட்டா வேலி பல்கலைக்கழகத்தின் சமூகப்பணித் துறைப் பேராசிரியர் கிறிஸ்டின் டோட்டி இப்படித் திரும்பியவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தினார். பதில் சொன்னவர்களில் 73 சதவீதம் பேர் தோற்றுப்போனவர்களாகத் தங்களை உணர்ந்ததாகச் சொன்னார்கள். இதைப் பிள்ளைகளின் மனப் பலவீனம் என்று வாசிப்பவர்கள் உண்டு. நாலில் மூன்று பேருக்கு ஒரே பலவீனம் இருந்தால் அதைப் பிள்ளைகளிடம் தேடக் கூடாது, அவர்கள் திரும்பி வந்த தெருவில் தேட வேண்டும்.

*

இந்த இடத்தில் மார்மன் நூலில் உள்ள ஒரு கதையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மிஷனரிப் பிள்ளைகளை எப்போதும் அதோடுதான் ஒப்பிடுகிறார்கள். ஹீலமன் என்ற தலைவனின் கீழ் போரிட்ட இரண்டாயிரம் இளைஞர்கள். தாய்மார் ஊட்டிய விசுவாசத்தோடு களத்துக்குப் போனார்கள், ஒருவர்கூடச் சாகவில்லை. ஞாயிறு பள்ளியில் பாட்டாகவும் படமாகவும் குழந்தைகளுக்கு இது பழக்கமான கதை.

நமக்கு இது அந்நியமான கற்பனை இல்லை. மகன் முதுகில் புண்பட்டுச் செத்தானா என்று பார்க்கக் களத்தில் பிணங்களைப் புரட்டிய புறநானூற்றுத் தாயைப் பள்ளிக்கூடத்திலேயே படித்தவர்கள் நாம். போருக்குப் போன பிள்ளையிடம் தாய் எதிர்பார்ப்பது என்ன என்பது நம் காதிலும் ஓதப்பட்டதுதான்.

ஆனால் ஹீலமன் கதையில் இன்னொரு தகவல் இருக்கிறது. அந்த இளைஞர்களில் காயம்படாதவர் ஒருவரும் இல்லை. இருநூறு பேர் ரத்தம் இழந்து மயங்கியே விழுந்துவிட்டார்கள். அவர்களைக் களத்திலிருந்து தூக்கி வந்து காயத்தைப் பார்த்தார்கள். விழுந்த இருநூறு பேரின் பெயரைத் தனிப் பட்டியலில் எழுதி, "முன்கூட்டியே விழுந்தவர்கள்" என்று யாரும் தலைப்புப் போடவில்லை. தங்கள் சொந்த வேதத்தின் இந்தப் பகுதியை ஏன் யாரும் பாட்டாகப் போடவில்லை என்பதை அவர்களே யோசிக்கட்டும்.

*

எதிர்வாதம் எனக்குத் தெரியும். "எல்லோரையும் ஒரே மாதிரி வரவேற்றால் கஷ்டப்பட்டு முடித்தவனுக்கு என்ன மரியாதை? கொஞ்சம் கூச்சம் இருந்தால்தானே பிள்ளைகள் தாக்குப்பிடிப்பார்கள்?"

முதல் கேள்விக்குப் பதில்: அடுத்தவனை அவமானப்படுத்தினால்தான் நிலைக்கும் மரியாதை, மரியாதையே இல்லை. இரண்டாவது கேள்விதான் ஆபத்தானது. கூச்சம் பிள்ளையைத் தாக்குப்பிடிக்க வைப்பதில்லை, மறைக்க வைக்கிறது. தூக்கமில்லாத முதல் மாதத்திலேயே சொல்லியிருந்தால் ஒரு மருத்துவரும் நாலு வார ஓய்வும் போதுமாயிருந்திருக்கலாம். ஊரில் என்ன சொல்வார்களோ என்று எட்டு மாதம் மறைத்தபின் வந்து சேர்பவனுக்கு நாலு வாரம் போதாது. வீட்டுக்கு வரப் பயப்படும் பிள்ளை எங்கே போகும் என்று யோசித்தால், இந்தக் கேள்வியைக் கேட்கவே நாக்கு கூசும்.

சபைத் தலைமை ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். பன்னிரு அப்போஸ்தலர்களில் ஒருவராயிருந்த ஜெஃப்ரி ஹாலண்ட் 2016-இல் இளைஞர்களோடு பேசிய ஒளிபரப்பில், இப்படித் திரும்பியவர்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை என்று தெளிவாகவே சொன்னார். 2019 முதல், பிரசங்க ஊழியம் முடியாதவர்கள் வீட்டிலிருந்தபடியே சேவை ஊழியம் செய்யவும் வழி இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அதையும் கணக்கைச் சரிக்கட்டும் வழியாக மாற்றிவிடும் பெற்றோர் உண்டு. வந்து பெட்டியைக்கூடப் பிரிக்காத பிள்ளையிடம், "மிச்ச மாசத்தை இங்கயே முடிச்சிடலாம்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். மறுபடியும் மாசம்!

ஆதரவு என்று எதைச் சொல்கிறேன் என்றால், இதைத்தான். விமான நிலையத்துக்கு அண்ணனுக்கு எத்தனை பேர் போனீர்களோ தம்பிக்கும் அத்தனை பேர் போங்கள். கூட்டம் வேண்டாம் என்று அவனே சொன்னால் இரண்டு பேர் போங்கள். சபையில் எழுந்து பேசுவதா வேண்டாமா என்பதை அவன் முடிவு செய்யட்டும். ஏன் வந்தான் என்பது அவனுக்கும் அவன் சொல்ல விரும்புகிறவர்களுக்கும் மட்டும் உரியது. பிஷப்பின் மனைவிக்கோ பக்கத்து வீட்டுக்கோ அதில் பங்கில்லை. ஒருநொடிகூடத் தனியாக இல்லாதவன் இப்போது பகல் முழுக்கத் தன் பழைய அறையில் தனியாக இருக்கிறான் என்பதை மறக்காதீர்கள். "ஆண்டவருக்கு வேற திட்டம் இருக்கும்ப்பா" என்று அவசரமாக ஆறுதல் சொல்லாதீர்கள், அந்தத் திட்டம் உங்களுக்கும் தெரியாது. அவன் இனி ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன் என்றாலும் சாப்பாட்டு மேசையில் அவன் நாற்காலி அங்கேயே இருக்கட்டும்.

சபையின் முதல் மிஷனரி என்று கொண்டாடப்படுபவர் சாமுவேல் ஸ்மித், ஜோசஃபின் தம்பி. 1830-இல் மார்மன் நூலைப் பையில் சுமந்துகொண்டு நடந்தார். முதல் நாளே 25 மைல். யாரும் வாங்கவில்லை, சத்திரக்காரன் விரட்டினான், ஆப்பிள் மரத்தடியில் படுத்தார். சோர்ந்துபோய் வீடு திரும்பினார். அவர் விட்டுவந்த பிரதிகள் கைமாறிக் கைமாறிப் பின்னாளில் பிரிகாம் யங்கின் குடும்பத்தைச் சபைக்குள் கொண்டுவந்தன என்று சொல்லி, "பார்த்தாயா, வீண் போகவில்லை" என்று இந்தக் கதையை முடிப்பார்கள். எனக்கு அந்த முடிவு வேண்டாம். அந்தப் பிரதிகளை எலி தின்றிருந்தாலும் அவர் நடந்த 25 மைல் 25 மைல்தான். அவர் எத்தனை மாதம் போய்வந்தார் என்று வீட்டில் யாரும் கேட்டதாகக் கதை இல்லை.