பழைய பெட்டிக்குப் புதுக் குடித்தனம்



2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. விருப்பம் தெரிவித்துப் பதிவு செய்துகொள்வோருக்கு 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்பு உண்டு எனவும் அறிவித்தது. ஆயினும் அது தவணையேயன்றித் தீர்வன்று. விண்டோஸ் 11க்கு மாறலாமே என்றால், அது டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது. இன்டெல் செயலியாயின், மிகச் சில விலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டுமென்கிறது. 2017க்கு முன் வாங்கிய பெட்டிகள் பெரும்பாலும் இந்த வாசலிலேயே திருப்பியனுப்பப்படுகின்றன.

நம் இல்லங்கள் பலவற்றில் இத்தகைய கணிப்பொறி ஒன்று இருக்கும். அண்ணன் கல்லூரிக்குப் போனபோது வாங்கியது. அவன் வேலைக்குச் சென்றபின் தங்கையின் கைக்கு வந்தது. விசைப்பலகை தேய்ந்திருக்கும், ஆனால் திரை நன்றாயிருக்கும், செயலியும் ஓடும். அதைத் தூக்கியெறிந்துவிட்டுப் புதியது வாங்குவதா? அல்லது, சில கடைகளில் கண்சிமிட்டிக்கொண்டு ஏற்றித் தருகிறார்களே, அந்தத் திருட்டுப் படியை ஏற்றிக்கொள்வதா? பிறர் உடைமையை விலை கொடாமல் எடுத்துக்கொள்வதை வேறெந்தப் பண்டத்திலும் ஒப்பாத நாம், மென்பொருள் என்றதும் தாராளமாகிவிடுவது வியப்புக்குரியது.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. பின்லாந்து நாட்டு மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கருவைச் சுற்றிப் பல இயங்குதளங்கள் வளர்ந்துள்ளன. அவற்றுள் இல்லத்தாருக்கு ஏற்றதாக நான் கருதுவது லினக்ஸ் மின்ட். க்ளமென்ட் லஃபேப்வர் என்பவர் 2006இல் தொடங்கியது. நன்கொடைகளாலும் ஆதரவாளர்களாலும் நடந்து வருகிறது. இதனை நகலெடுப்பது குற்றமன்று. நகலெடுத்துப் பிறருக்குக் கொடுக்கவும் உரிமமே அனுமதிக்கிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஆங்கில அகரவரிசைப்படி ஒரு பெண் பெயர் சூட்டுவது இவர்கள் வழக்கம். 2024 ஜூலையில் வந்த 22ஆம் பதிப்பு வில்மா. 2025 செப்டம்பரில் வந்த 22.2 பதிப்பு ஜாரா. நான் ஏற்றிப் பார்த்தது ஜாராவைத்தான்.

சோதனைக்குக் கிடைத்தது என் தம்பி மகளின் மடிக்கணினி. 2015இல் வாங்கியது, நினைவகம் 4 ஜிபி.

"பெரியத்தா, என் பாடக் குறிப்பெல்லாம் அழிந்துவிடாதே?" என்று அவள் கேட்டாள். இதனைக் கேட்காமல் வேலையைத் தொடங்குபவர்களே மிகுதி. ஆகையால் அவளுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

மின்ட் தளத்திலிருந்து இறக்கும் கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி அளவினது. அதை எட்சர் போன்றதொரு மென்பொருளால் பென்டிரைவில் எழுதிக்கொள்ள வேண்டும். வெறுமனே நகலெடுத்துப் போட்டால் ஆகாது. எழுதும்போது பென்டிரைவில் முன்பிருந்தவை யாவும் அழிந்துபோகும். பின்னர் கணிப்பொறியை இயக்கும் கணத்தில் எஃப்12, எஸ்கேப் போன்று அந்தந்த நிறுவனம் வைத்திருக்கும் விசையை அழுத்திப் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால், மின்ட் அதிலிருந்தே ஓடத் தொடங்கும். நிறுவு என்று நாம் கட்டளையிடும் வரை வன்தட்டில் எதையும் அது எழுதாது. வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, அச்சுப்பொறி இசைகிறதா என்பதை இந்த நிலையிலேயே பார்த்துக்கொள்ளலாம். வீடு வாங்குமுன் ஓரிரவு தங்கிப் பார்க்கச் சாவி கொடுப்பார் உண்டோ? இவர்கள் கொடுக்கிறார்கள்.

நிறுவுவதானால், முதலில் கோப்புகளை வேறோரிடத்தில் படியெடுத்து வைத்துவிட வேண்டும். விண்டோஸையும் வைத்துக்கொண்டு அருகில் மின்ட்டைக் குடியமர்த்தவும் வழியுண்டு, வன்தட்டு முழுவதையும் அழித்துக் குடியேற்றவும் வழியுண்டு. இரண்டும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து நிற்கும். அந்த இடத்தில் மட்டும் அவசரம் கூடாது. விண்டோஸில் பிட்லாக்கர் எனும் பூட்டு இருந்தால் அதன் மீட்புச் சாவியை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வதும் அவசியம்.

22ஆம் வரிசைப் பதிப்புகள் அனைத்துக்கும் 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உண்டு. 22.1இல் இரவு நேரத்தில் திரையின் நீல ஒளியைக் குறைக்கும் ஏற்பாடு சின்னமன் முகப்பில் சேர்ந்தது. 22.2இல் கைரேகையால் உள்நுழைவதற்கான சிறு செயலி வந்துள்ளது. அதற்குரிய உணரி நம் பழைய பெட்டிகளில் ஏது! குறைந்தது 2 ஜிபி நினைவகமும் 20 ஜிபி வன்தட்டு இடமும் போதுமென்றாலும், நினைவகம் 4 ஜிபியாவது இருத்தல் நலம். அந்த அளவுக்குச் சின்னமனைவிட எக்ஸ்எஃப்சிஇ எனும் எளிய முகப்பே தகும் என்பது என் கருத்து. பழைய சுழலும் வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி பொருத்திக்கொண்டால் வேகத்தில் காணும் வேறுபாடு, எந்த இயங்குதளத்தை மாற்றுவதாலும் கிடைக்காதது.

ஃபயர்ஃபாக்ஸ் உலாவியும், கடிதம், கணக்கு, படவில்லை ஆகியவற்றுக்கான லிப்ரே ஆஃபிஸும் கூடவே வருகின்றன. வேர்டில் எழுதிய கோப்புகளை அது திறக்கும். சிக்கலான அட்டவணைகள் சற்றே இடம் பெயரக்கூடும்.

தமிழைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். விசைப்பலகை அமைப்பில் தமிழ்நெட் 99 என்று ஒன்று தென்படும். அதைச் சேர்த்துத் தட்டினால் எழுத்துகள் வரும். ஆனால் 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ் 99 முறையின் சிறப்பே, ஒரே எழுத்தை இருமுறை தட்டும்போது முன்னதற்குத் தானே புள்ளி விழுவதல்லவா? அது அங்கே விழாது. ஒவ்வொரு விசைக்கும் ஒரு குறி என்று மட்டும் அறிந்த ஏற்பாடு அது. முன்னே என்ன தட்டினோம் என்பதை நினைவில் வைக்காது. மென்பொருள் மேலாளரில் ஐபஸ் எம்17என் எனும் பொதியைத் தேடி நிறுவி, உள்ளீட்டு முறையாக ஐபஸைத் தெரிவு செய்து, அதிலுள்ள தமிழ் 99ஐச் சேர்த்துக்கொண்டால் குறை தீரும். பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டிய திருமண அழைப்பிதழும் ஜமாஅத் அறிக்கையும் திறந்தவுடன் ஆங்கிலக் கிறுக்கலாகத் தோன்றும். பழைய கணிப்பொறியிலிருந்து அந்த எழுத்துருக் கோப்பை மறவாமல் எடுத்துவந்து நிறுவிக்கொள்க.

எல்லாம் இனிப்பன்று. என் தம்பி வீட்டு அச்சுப்பொறி பிடிவாதமாக வேலை செய்ய மறுத்தது. அதன் நிறுவனம் லினக்ஸுக்கெனச் செம்மையான இயக்கி தரவில்லை. வாங்குமுன் விசாரிக்க வேண்டிய பொருள்களில் அச்சுப்பொறி முதலாவது. கடைக் கணக்கை டாலியில் வைத்திருப்போர் விண்டோஸை விட்டுவிடலாகாது. அது விண்டோஸுக்கென எழுதப்பட்டது. அத்தகையோர் இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்துக்கொள்க. குடியேறிய முதல் நாளே டைம்ஷிஃப்ட் எனும் கருவியைத் திறந்து ஒரு படிமம் எடுத்து வைப்பது நன்று. பின்னாளில் ஏதேனும் புதுப்பிப்பு இடறினால் அந்நாளுக்கே திரும்பிவிடலாம். ஆயின் அது காப்பது இயங்குதளத்தைத்தான். குடும்பப் படங்களுக்குத் தனிப் படி வேண்டும்.

என் தம்பி மகள் விண்டோஸை நீக்க இசையவில்லை. தேர்வு முடியட்டும் என்றாள். இப்போது இரண்டும் உள்ளன.

இன்னொரு செய்தி. பரணில் 32 பிட் செயலியுடன் கிடக்கும் மிகப் பழைய பெட்டியை இறக்கி வைத்திருப்போர், மின்ட்டை நம்பிக் காத்திருக்க வேண்டா. 2020இல் வந்த 20ஆம் பதிப்பிலேயே அவ்வகைச் செயலிகளுக்கான வெளியீடு நின்றுவிட்டது.