எண் கடினமா, எண்ணுப்பெயர் கடினமா?

2019இல் மகாராட்டிர அரசின் பாடநூல் நிறுவனமான பால்பாரதி, இரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் எண்களை வாசிக்கப் புதியதொரு முறையை அறிமுகப்படுத்தியது. 'ஏக்வீஸ்' எனப்படும் 21ஐ 'வீஸ் ஏக்', அதாவது 'இருபது ஒன்று' என்றும் சொல்லலாம் என்றது. மராத்தி சிதைக்கப்படுகிறது என்று எழுந்த கண்டனம் சட்டமன்றம் வரை சென்றது. அந்த ஆரவாரத்தில் குழந்தையின் சிக்கல் பின்னுக்குப் போயிற்று.

மராத்தியில் 42 என்பது 'பேச்சாளீஸ்'. 'சாளீஸ்' நாற்பது, முன்னே நிற்கும் 'பே' இரண்டு. ஆனால் தனியே எண்ணும்போது இரண்டு என்பது 'தோன்'. ஆகவே குழந்தை உருமாறிய இரண்டை முதலில் கேட்கிறது. எழுதும்போதோ நான்கை முதலில் இட வேண்டும். 29க்குப் பெயர் 'ஏகோண்தீஸ்', முப்பதுக்கு ஒன்று குறைவு. 39, 49 எனத் தொடரும் இந்த ஒழுங்கு 99இல் முறிகிறது, அது 'நவ்வியாண்ணவ்'. இந்தியிலும் நிலைமை ஏறத்தாழ இதுவே. நூறு வரையிலான பெயர்களைப் பெரும்பாலும் மனப்பாடமாகவே கற்க வேண்டியிருக்கிறது.

தெலுங்கு, கன்னடம், தமிழ் ஆகியவற்றில் பத்து முன்னும் ஒன்று பின்னும் வருவதால் பெயரே இடமதிப்பைக் கற்பித்துவிடுகிறது. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. நூறைச் சுட்டுவதுபோல் ஒலிக்கும் தொண்ணூறும், ஆயிரத்தைச் சுட்டுவதுபோல் ஒலிக்கும் தொள்ளாயிரமும் நம் குழந்தைகளுக்கும் இடறல்கள்தாம்.

நார்வே 1951இல் இத்தகைய மாற்றத்தை அதிகாரபூர்வமாகவே செய்தது. ஆயினும் பழைய முறை பேச்சிலிருந்து மறையவில்லை. ஆணையால் எண்ணுப்பெயர்கள் ஒழிவதில்லை. மராத்தியின் பழைய பெயர்களும் ஒழிய வேண்டியவை அல்ல. பிராகிருதத்தின் வழியே வந்த அச்சொற்களைக் குழந்தை வீட்டிலும் சந்தையிலும் கேட்டே வளர்கிறது. ஆனால் இடமதிப்பு மனத்தில் பதியும்வரை 'சாளீஸ் தோன்' ஓர் ஏணியாக இருக்கட்டும். அதன் பக்கத்திலேயே 'பேச்சாளீஸ்' கற்பிக்கப்படட்டும். வாய்மொழித் தேர்வில் இரண்டுக்கும் மதிப்பெண் உண்டு என்றாக வேண்டும்.

2021இல் தொடங்கிய நிபுண் பாரத் திட்டம், மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொரு குழந்தையும் அடிப்படை எண்ணறிவு பெற வேண்டும் என்கிறது. இலக்கு நாடு முழுமைக்கும் ஒன்று. எண்ணுப்பெயர்களின் சுமையோ மொழிக்கு மொழி வேறு. 'பேச்சாளீஸ்' என்று கேட்டு 24 என எழுதும் குழந்தை, காதில் விழுந்த வரிசையைப் பிழையின்றி எழுதியிருக்கிறது. அக்குழந்தையைக் கணக்கு வராதவள் என்று முத்திரையிடும் முன், நாம் சோதித்தது கணக்கையா, சொல்லையா என்பதைக் கல்வி ஆய்வாளர்களும் மொழியியலாளர்களும் சேர்ந்து கேட்டாக வேண்டும்.