பக்கவாதமும் ஓட்டுநர் உரிமமும்: திரும்பி வர வழி வேண்டாமா?

வாடகை கார் ஓட்டும் 52 வயதுக்காரர் ஒருவர் மனைவியுடன் என்னிடம் வந்திருந்தார். இரண்டு மாதங்களுக்கு முன்பு லேசான பக்கவாதம். கை, கால் விழவில்லை, வாய் கோணவில்லை. நான்காம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பத்தாம் நாள் வண்டியை எடுத்துவிட்டார். “இடப்பக்கக் கண்ணாடி ரெண்டு தடவ உடைஞ்சிடுச்சு டாக்டர். கேட்டா, ஓரமா நிறுத்தத் தெரியாதவன் வண்டிய நிறுத்தியிருக்கான்கிறார்” என்றார் மனைவி. கணவர் விடவில்லை: “கண்ணு நல்லாத்தான் சார் இருக்கு. கண்ணாடிக் கடையில கடைசி வரி வரைக்கும் படிச்சேன்.”

அவர் சொன்னது உண்மை. என் அறையில் மாட்டியிருந்த பலகையிலும் கடைசி வரியைத் தடங்கலின்றிப் படித்தார். பிறகு அவருக்கு எதிரே ஒரு கை தூரத்தில் உட்கார்ந்தேன். என் மூக்கையே பார்க்கச் சொல்லிவிட்டு, இரு கைகளையும் விரித்து விரல்களை அசைத்தேன். அவருடைய வலப்பக்கம் அசைந்த விரலை உடனே சொன்னார். இடப்பக்கம் அசைந்தது தெரியவே இல்லை. அந்த விரலை மெல்ல நடுவுக்குக் கொண்டுவந்தேன். என் மூக்கருகே வந்த பிறகுதான் “இப்பத் தெரியுது” என்றார். பார்த்துக்கொண்டிருந்த மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். கணவரின் பார்வையில் இல்லாத அந்த இடப்பக்க இருக்கையில்தான் அன்று காலையும் அவர் உட்கார்ந்து வந்திருந்தார்.

கண்ணில் இல்லை கோளாறு: நாம் பார்ப்பது கண்ணால் மட்டும் அல்ல. இரு கண்களும் அனுப்பும் செய்தியை மூளையின் பின்பகுதிதான் காட்சியாக்குகிறது. வலப்பக்க மூளை இடப்பக்கக் காட்சியையும், இடப்பக்க மூளை வலப்பக்கக் காட்சியையும் கவனிக்கின்றன. பின்மூளைக்குச் செல்லும் ரத்தக் குழாய் ஒருபக்கம் அடைபட்டால், இரண்டு கண்களிலுமே எதிர்ப்பக்கத்துப் பாதிக் காட்சி போய்விடுகிறது. நோயாளிகள் இதை “இடது கண்ணு மங்கிடுச்சு” என்றுதான் சொல்வார்கள். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொன்னால்தான் இரண்டிலும் அதே பாதி இல்லை என்பது அவர்களுக்கே புரியும்.

இழந்த பகுதி கறுப்பாகத் தெரிவதில்லை என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. சாலை முழுவதும் தெரிவது போலவே இருக்கும். அந்தச் சாலையில் ஒரு சைக்கிள் மட்டும் இருக்காது. பேருந்துப் பலகையில் ‘திருநெல்வேலி’ என்று எழுதியிருந்தால் முதலில் ‘நெல்வேலி’தான் கண்ணில் பட்டது என்றார் ஒருவர். மணிக்கு 40 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் வண்டி நொடிக்கு 11 மீட்டர் கடக்கிறது. இடப்பக்கம் தலையைத் திருப்பிப் பார்க்க மூன்று நொடி தாமதித்தால், அதற்குள் 33 மீட்டர் போயிருக்கும். நம் ஊரில் நடைபாதையிலிருந்து குழந்தை இறங்குவதும், இருசக்கர வாகனம் முந்திக்கொண்டு நுழைவதும் இடப்பக்கம்தான்.

இதைவிடக் கடினமான நிலை ஒன்றும் உண்டு. சிலருக்கு ஒரு பக்கம் தெரியாமல் போவதோடு, அப்படியொரு பக்கம் இருக்கிறது என்ற கவனமே போய்விடும். இலையின் இடப்பக்கம் வைத்த உப்பையும் ஊறுகாயையும் தொடாமல், “ஏன் எதுவும் வைக்கலை?” என்று கேட்பார்கள். பார்வைப் பரப்பை மட்டும் இழந்தவர், சொல்லிக்கொடுத்தால் தலையைத் திருப்பிப் பார்க்கப் பழகிக்கொள்வார். கவனத்தையும் இழந்தவருக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்றே தோன்றாது. அந்தக் குறை நீடிக்கும்வரை அவர் வண்டி ஓட்டக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

எண் பலகை மட்டும் போதுமா?: ஓட்டுநர் உரிமம் கேட்பவர் மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன்படி ‘படிவம் 1’இல் தன் உடல்நிலையைத் தானே அறிவிக்கிறார். வலிப்போ திடீர் மயக்கமோ உண்டா, பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்து வாகன எண் பலகை தெரிகிறதா, சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடிகிறதா, மாலைக்கண் உண்டா என்றெல்லாம் அதில் கேள்விகள் உள்ளன. நேராகப் பார்க்கும்போது இடமும் வலமும் எவ்வளவு தெரிகிறது என்ற கேள்வி இல்லை. 40 வயதைக் கடந்தவர்களும் வாடகை, சரக்கு வாகன ஓட்டுநர்களும் தர வேண்டிய மருத்துவச் சான்றான ‘படிவம் 1-ஏ’யும் பார்வையைப் பொறுத்தவரை பெரும்பாலும் தூரப் பார்வையைச் சுற்றியே நிற்கிறது. நான் சொன்ன ஓட்டுநர் இந்தக் கேள்விகள் அத்தனையிலும் தேறிவிடுவார். எண் பலகையைப் படிக்க நடுப் பார்வை போதும். அது அவரிடம் இருக்கிறது.

30 முதல் 50 வயதுக்குள் சொந்த வாகனத்துக்கு உரிமம் எடுப்பவருக்கு அது 10 ஆண்டுகளுக்குச் செல்லும். இடையில் பக்கவாதம் வந்தால் கேட்பார் இல்லை. உடல்நிலை காரணமாக ஒருவர் வாகனம் ஓட்டத் தகுதியற்றவர் என்று நம்ப இடமிருந்தால் உரிமத்தை ரத்துசெய்யவோ, புதிய மருத்துவச் சான்று கேட்கவோ மோட்டார் வாகனச் சட்டத்தின் 16ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. அந்தத் தகவல் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு யார் மூலம் போகும்? மருத்துவமனைகள் தரும் வீடு திரும்பும் குறிப்பில் மாத்திரை, உணவு, பிசியோதெரபி எல்லாம் இருக்கும். வண்டி ஓட்டலாமா, கூடாதா என்ற ஒரு வரி பெரும்பாலும் இருப்பதில்லை. என் நோயாளியின் குறிப்பிலும் இல்லை.

பிரிட்டன் வகுத்த வழி: பிரிட்டனில் பக்கவாதம் வந்தவர் குறைந்தது ஒரு மாதம் கார் ஓட்டக் கூடாது. பார்வைப் பரப்பில் குறை இருந்தால் உரிமம் வழங்கும் அரசு முகமையான டிவிஎல்ஏவுக்குத் தெரிவித்தாக வேண்டும். இரு கண்களையும் திறந்துவைத்து நேராகப் பார்க்கும்போது, கிடைமட்டமாகக் குறைந்தது 120 பாகை தெரிய வேண்டும். இடம், வலம் இரண்டிலும் 50 பாகைக்குக் குறையக் கூடாது. இதை அளக்க ‘எஸ்டர்மன்’ என்றொரு சோதனை உண்டு. கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்து நடுப்புள்ளியைப் பார்த்தபடி இருக்க வேண்டும். 120 இடங்களில் ஒவ்வொன்றாகச் சிறு வெளிச்சம் மின்னும். தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். லாரி, பேருந்து ஓட்டுநர்களுக்கு அங்கே அளவு இன்னும் கடுமை: 160 பாகை.

கார் ஓட்டுபவர் இந்த அளவை எட்டாவிட்டாலும் கதவு நிரந்தரமாக மூடப்படுவதில்லை. பாதிப்பு ஏற்பட்டு 12 மாதங்கள் ஆகியிருக்க வேண்டும். அது மேலும் வளராத பாதிப்பாக இருக்க வேண்டும். இழப்புக்கு அவர் முழுமையாகப் பழகிவிட்டார் என மருத்துவ நிபுணர் உறுதிசெய்ய வேண்டும். பிறகு உண்மையான சாலையில் ஓட்டிக் காட்டித் தேறினால் உரிமம் திரும்பக் கிடைக்கலாம்.

இது வெறும் இரக்கத்தில் பிறந்த சலுகை அல்ல. அமெரிக்காவின் அலபாமாவில் பாதிப் பார்வைப் பரப்பை இழந்த 22 பேரைச் சாலையில் ஓட்டவைத்துப் பார்த்த ஆய்வு 2009இல் வெளியானது. ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினரின் ஓட்டுதல் பாதுகாப்பானது என மதிப்பிடப்பட்டது. பாஸ்டனில் மாதிரி வாகனக் கருவியில் நடந்த ஆய்வுகளோ, தெரியாத பக்கத்தில் தோன்றும் பாதசாரிகளைப் பலர் தவறவிடுவதையும், அதில் ஆளுக்கு ஆள் பெரும் வேறுபாடு இருப்பதையும் காட்டின. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது: ஆய்வறையில் எடுத்த பார்வைப் படம் ஒன்றை மட்டும் வைத்து “ஓட்டலாம்” என்றும் சொல்ல முடியாது, “இனி எப்போதுமே முடியாது” என்றும் சொல்ல முடியாது. சாலையில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இங்கே செய்யக்கூடியவை: இழந்த பார்வைப் பரப்பு திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில் திரும்பும். ஆறு மாதங்களுக்குப் பிறகு தானாக மீள்வது அரிது. அதன் பிறகு கைகொடுப்பது, தெரியாத பக்கம் கண்ணையும் தலையையும் முறையாகத் திருப்பித் தேடும் பயிற்சி. அது பார்வையை மீட்டுத் தராது. இருக்கும் பார்வையைச் சரியான நேரத்தில் சரியான இடத்துக்குக் கொண்டுபோகக் கற்றுத்தரும்.

ஆகவே, முதலில் படிவங்களில் “உங்களுக்குப் பக்கவாதம் வந்ததுண்டா?” என்ற கேள்வி சேர வேண்டும். ஆம் என்பவருக்குப் பார்வைப் பரப்புச் சோதனை கட்டாயமாக வேண்டும். இதற்குப் புதிய கருவி தேவையில்லை. குளுக்கோமா நோயாளிகளுக்காகக் கண் மருத்துவமனைகளில் அது ஏற்கெனவே இருக்கிறது. வீடு திரும்பும் குறிப்பில் வாகனம் ஓட்டுவது பற்றி ஒரு வரி எழுதுவதை அரசு கட்டாயமாக்க வேண்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடிச் செல்லும் பிசியோதெரபி பணியாளர்களுக்கு, விரல் அசைத்துப் பார்க்கும் எளிய சோதனையைக் கற்றுக்கொடுக்கலாம்.

அடுத்தது, திரும்பி வரும் வழி. ஓராண்டுக்குப் பிறகு, பயிற்சி முடித்தவரை இரட்டை பிரேக் உள்ள வண்டியில், மறுவாழ்வு நிபுணரும் மோட்டார் வாகன ஆய்வாளரும் உடனிருந்து, நெரிசலான சாலையில் ஓட்டவைத்து மதிப்பிட வேண்டும். காலி மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்டுவது இவருக்கு எளிது. சந்தை நாளில் நாற்சந்தியைக் கடப்பதுதான் சோதனை. தேறியவருக்கும் பகலில் மட்டும், சொந்தக் கார் மட்டும் என்பது போன்ற நிபந்தனைகளுடன் உரிமம் தரலாம்.

பிழைப்புக்காக ஓட்டுபவரை இதில் மறந்துவிடக் கூடாது. பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளியாகும் அரசு ஊழியரை வேலையைவிட்டு நீக்கக் கூடாது. அதே ஊதியத்தில் மாற்றுப் பணி தர வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அரசுப் பேருந்து ஓட்டுநருக்கு அந்தக் கவசம் உண்டு. ஆட்டோ, லாரி, வாடகை கார் ஓட்டுநருக்கு என்ன இருக்கிறது? ஓட்டுநர்களுக்கான நலவாரியம், வண்டியை நிறுத்தி வைக்கும் மாதங்களுக்கு உதவித்தொகையும் மாற்றுத் தொழிலுக்குப் பயிற்சியும் தர முன்வர வேண்டும்.

அன்று அந்த ஓட்டுநரிடம், “வண்டியைத் தொடாதீங்க” என்றேன். “எத்தனை நாளைக்கு சார்?” என்று கேட்டார். மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம் என்றேன். “அப்புறம்? யார்கிட்ட போய் ஓட்டிக் காட்டணும்?” அவரை அனுப்பிவைக்க எனக்கு ஓர் அலுவலகமோ, எழுதித்தர ஒரு படிவமோ இல்லை. அடுத்து வரச் சொன்ன தேதியில் அவர் வரவில்லை.

அவர் எங்கோ ஓட்டிக்கொண்டுதான் இருப்பார் என்று அஞ்சுகிறேன். என்றாவது திரும்ப ஓட்டலாம் என்ற நம்பிக்கைக்கு ஒரு வழி வகுத்திருந்தால், அவர் சாவியை மனைவியிடம் கொடுத்திருப்பார். அந்த வழியை அமைத்துக் கொடுப்பது, அவருக்கு மட்டுமல்ல, அவருடைய இடப்பக்கம் நடந்துபோகும் எல்லோருக்கும் அரசு செய்ய வேண்டிய கடமை.

- கட்டுரையாளர், நரம்பியல் மருத்துவர்.