பார்க்காததை நம்பலாமா?

"நொதியை யார் பார்த்தா? புத்தகத்துல போட்டா நம்பிடுவியா?" என்று தோழி கேட்டாள். நம்புகிறேன், ஆனால் புத்தகத்துக்காக இல்லை.

கஞ்சித் தண்ணீரில் மாவுச்சத்து இருக்கு. அயோடின் விட்டால் கருநீலம். எச்சில் கலந்து வைத்த கஞ்சியில் அந்த நிறம் வரவில்லை. ("சீ" என்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள்!) கொதிக்க வைத்த எச்சில் என்றால் மறுபடி கருநீலம்தான். அப்போ எச்சிலில் ஏதோ ஒன்று இருந்து, சூட்டில் கெட்டுப்போச்சு இல்லையா?

1897-இல் ஜெர்மனியில் புக்னர் ஈஸ்ட்டை அரைத்துப் பிழிந்தார். உயிருள்ள செல் இல்லாத அந்தச் சாறும் சர்க்கரையை நொதிக்க வைத்தது. உள்ளே இருப்பதற்கு 'சைமேஸ்' என்று பேர் வைத்தார். அவரும் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. பிறகு பார்த்தால் அது ஒன்று இல்லை, பல நொதிகள்! எண்ணிக்கைதான் தப்பு, இருந்தது நிஜம்.

தோழி, உன் பதிலை அடுத்த தாளில் எழுது.

– 9-ஆம் வகுப்பு மாணவி