படிவம் கொள்ளும் முறை

உதவித்தொகைக்கும் தேர்வுக்கும் வேலைக்கும் கணினி வாயிலாகவே விண்ணப்பம் விடுக்கும் இக்காலத்தில், அப்படிவங்களைப் பெற்றுக்கொள்ளும் நிரல் எவ்வாறு ஒழுகவேண்டும் என்பது நிரலாளர்க்கு மட்டும் உரிய ஆராய்ச்சியன்று. படிவம் நிரப்புவோர் நாம் அனைவருமன்றோ?

வலைத்தளம் அமைத்தற்குரிய சட்டகங்களுள் ஒன்று, 2004-ஆம் ஆண்டில் வெளிவந்த ரூபி ஆன் ரெயில்ஸ். அதன்கண் படிவம் பற்றிய வினைகள் இரண்டு. புதிய பதிவைப் படைத்தல் கிரியேட் எனப்படும். முன்னுள்ள பதிவைத் திருத்துதல் அப்டேட் எனப்படும். படிவத்தில் வந்தன யாவற்றையும் ஒரே வரியில் பதிவேட்டில் ஏற்றிவிடும் வசதி அதன்கண் உண்டு. அவ்வசதியே தீங்கிற்கும் வாயிலாயிற்று. படிவத்திற் காணப்படாத கட்டமொன்றை ஒருவன் தானே சேர்த்து விடுப்பின், அதுவும் பதிவேட்டில் ஏறிவிடுமன்றோ? 2012-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கிட்ஹப் தளத்தில் இஃது உண்மையாகவே நிகழ்ந்தது. பயனர் ஒருவர் தமது திறவுகோலை ரெயில்ஸ் குழுவினர்க்கு உரியதாகப் பதிவித்து, அவர்தம் நிரற்களஞ்சியத்திலேயே எழுதிக் காட்டினார். ஆதலின், 2013-இல் வெளிவந்த நான்காம் பதிப்பு முதலாக, எக்கட்டங்களை ஏற்கலாம் என்று நிரலாளர் பெயர் சுட்டி இசைவளித்தல் வேண்டும் என்பது முறையாயிற்று.

ஏற்பனவற்றை ஒவ்வொன்றாக எழுதுதல் வீண் உழைப்பு, விலக்குவனவற்றை எழுதினாற் போதும் என்பாரும் உளர். அவர் கூற்றுப் பொருந்தாது. நாளை புதிதாகச் சேரும் கட்டம் விலக்குப் பட்டியலில் இராது. ஆதலின் காவலின்றி உட்புகும். ஏற்புப் பட்டியலிலோ, மறதியினால் விடுபட்டது வெளியிலேயே நிற்கும். மறந்தவழியும் தீங்கு விளையாத முறையே சிறந்தது.

இனி, விண்ணப்பிப்போர் பக்கத்தையும் நோக்குவோம். நாற்பது கட்டங்களை நிரப்பிய மாணவன் அஞ்சற் குறியீட்டில் ஓரெண்ணை விட்டானாயின், வெற்றுப் படிவத்தை மீட்டும் அவன்முன் நீட்டுதல் அறமாகுமா? கடைசி நாளின் கடைசி நாழிகையில் அவன் வாய்ப்பே அதனாற் கெடலாம். அவன் எழுதியவற்றை அவ்வாறே நிறுத்தி, பிழையுற்ற கட்டத்தின் அருகே பிழை இன்னதெனச் சுட்டுதலே தக்கது. பதிவு முற்றியபின் வேறு பக்கத்திற்கு அனுப்பிவிடுதலும் வேண்டும். இன்றேல், அவன் பக்கத்தைப் புதுப்பிக்குங்கால் அதே படிவம் மறுமுறையும் செல்லக்கூடும்.

இவையெல்லாம் சட்டகங்களில் முன்னரே அமைந்துள்ள வழிகளே. அவற்றைக் கைக்கொள்ளாது தளம் அமைப்போர், சில வரிகளை மிச்சப்படுத்தும் பொருட்டுப் பிறர் உழைப்பைச் செலவிடுகின்றனர். கேளாததைக் கொள்ளாமையும் கொடுத்ததை இழக்காமையும் படிவம் பெறுவோர் கடமையென்க.