‘ஒருவகைப் பறவை’ என்னும் சோம்பல்

ரமணாசிரமப் பகுதியில், முற்றத்துச் செம்பருத்தியில் தேன்சிட்டு ஒன்று வந்து அமர்ந்தால் போதும், ‘ஹம்மிங் பேர்டு’ என்று யாரேனும் ஒருவர் வியக்கிறார். அயல்நாட்டு யாத்ரிகர் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். தமிழ் கற்றோர் அதைக் கவிதையிலும் மொழிபெயர்ப்பிலும் ஏற்றுவதை நாம் பொறுப்பதற்கில்லை. தமிழில் ஓசனிச்சிட்டு எனப்படும் அப்பறவை அமெரிக்கக் கண்டங்களுக்கு மட்டுமே உரியது, உழவாரனுக்கு உறவு, அந்தரத்தில் நின்றபடியே தேனுண்ணும், பின்னோக்கியும் பறக்கும். நம் தேன்சிட்டோ பாடும் பறவைகளின் குலம்; பெரும்பாலும் காம்பைப் பற்றி அமர்ந்தே உண்ணும். இரண்டும் செய்யும் தொழில் ஒன்று, குலம் வேறு.

‘சரி, தேன்சிட்டு என்று சொல்லிவிட்டால் போயிற்று’ என்பார்கள். அதுவும் போதாது. ஊதாத் தேன்சிட்டு, லோட்டன் தேன்சிட்டு என இரண்டு இங்கே உலவுகின்றன. இரண்டின் ஆணும் நிழலில் கருப்பு. வெயில் பட்டால் ஊதாவும் நீலமுமாய் மின்னும். முதலில் அலகைப் பாருங்கள். ஊதாவுக்கு அலகு குறுகியது, அளவாக வளைந்தது. லோட்டனுக்கோ கண்டதுமே உறுத்தும் நீளம், அரிவாள்போல் வளைவு. அடுத்து வயிறு: ஊதாவுக்குக் கருமை, லோட்டனுக்குப் புகைபடிந்த பழுப்பு. மார்பின் அரக்குநிறப் பட்டை லோட்டனுக்குத் தெளிவாக இருக்கும். ஆனால் ஊதாவுக்கும் மெல்லியதாய் ஒன்று இருக்கக்கூடும் என்பதால் அதை மட்டும் நம்பித் தீர்ப்பு வழங்கலாகாது. பெண்களில் இரண்டுமே மேலே மங்கிய பழுப்பு, கீழே மஞ்சள். அங்கே அலகே துணை. குஞ்சு பொரிக்கும் காலம் முடிந்ததும் ஊதா ஆண் தன் மினுக்கை இழந்து பெண்ணைப்போல் ஆகிவிடும். தொண்டையிலிருந்து மார்பின் நடுவே இறங்கும் கருங்கோடு அதைக் காட்டிக்கொடுக்கும்.

இதில் நாம் வெட்கப்பட வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஊதாத் தேன்சிட்டு மேற்காசியாவிலிருந்து தென்கிழக்காசியா வரை பரவியது. லோட்டனோ தென்னிந்தியத் தீபகற்பத்துக்கும் இலங்கைக்கும் மட்டுமே உரியது. 1752 முதல் 1757 வரை இலங்கையில் டச்சு ஆளுநராக இருந்த யோவான் கிடியோன் லோட்டனின் பெயரை 1766இல் லின்னேயஸ் அதற்குச் சூட்டினார். நமக்கே உரிய பறவையை அயலார் உற்றுப் பார்த்துப் பிரித்தறிந்தார்கள். நாமோ அதை இன்னும் பக்கத்துக் கிளைப் பறவையோடு குழப்புகிறோம். நெட்டலகுத் தேன்சிட்டு என்று நாம் அழைத்தால் என்ன குறைந்துவிடும்?

பெயரில்லை என்ற சாக்கும் செல்லாது. க. ரத்னம் தமிழ்நாட்டுப் பறவைகளைப் பற்றித் தமிழிலேயே நூல் எழுதினார். மா. கிருஷ்ணன் காட்டுயிர்களைப் பற்றித் தமிழிலும் எழுதினார். குறை மொழியில் இல்லை, பயிற்றும் முறையில் இருக்கிறது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அடுக்கினார். தேர்வுத்தாளோ எண்ணிக்கையை மட்டும் கேட்கிறது. அகராதியோ ‘ஒருவகைப் பூ’, ‘ஒருவகைப் பறவை’ என்று கைகழுவுகிறது. அந்த உரையைப் படித்து வளர்ந்தவர் ‘ஏதோ ஒரு குருவி’ என்று கவிதை எழுதுவதில் வியப்பென்ன?

‘அருணாசலத்தின் அடிவாரத்தில் இருந்துகொண்டு பேதம் பார்க்கலாமா?’ என்று வேதாந்தம் பேசுவோரும் உண்டு. அவர்கள் ஆசிரம வளாகத்துக்குள் சென்று பார்க்கட்டும். 1948இல் இறந்த பசு லட்சுமிக்கு அங்கே சமாதி இருக்கிறது. மானுக்கும் காகத்துக்கும் நாய்க்கும் தனித்தனியே சமாதிகள் இருக்கின்றன. ‘ஒருவகை விலங்கு’ என்று எதையும் அங்கே ஒன்றாகக் குவித்துவிடவில்லை. எல்லாம் ஒன்று என்பது பெரியோரின் முடிந்த முடிபாக இருக்கலாம். பார்க்கச் சோம்பியவன் அதைச் சொன்னால் அது வெறும் சாக்கு.

எனவே கவிஞர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் நம் வேண்டுகோள் சிறியது. அடுத்தமுறை முருங்கைப் பூவில் ஒரு தேன்சிட்டைக் கண்டால், எழுதுகோலை எடுக்குமுன் அதன் அலகைச் சற்று நேரம் உற்றுப் பாருங்கள்.