வெறும் ஊசி, ஏமாற்று ஊசியா?

மருந்து ஆராய்ச்சி என்றாலே, “பாதிப் பேருக்கு வெறும் தண்ணியைப் போட்டு ஏமாத்துறாங்க” என்ற பேச்சு எங்கள் ஐயங்கார்குளம் பக்கம் இன்னும் ஓயவில்லை. படித்தவர்களும் சொல்கிறார்கள். இது தவறு, அதற்கான சான்றும் நம் மண்ணிலேயே இருக்கிறது.

1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் (நம் ஊரும் அப்போது அதில்தான்), திருவள்ளூரைச் சுற்றிய கிராமங்களில் காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசிச் சோதனை தொடங்கியது. ஊசி போட்டுக்கொண்டவர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேல். மூன்றில் ஒரு பங்கினருக்குப் போட்டது பிளாசிபோ, அதாவது மருந்தில்லாத ஊசி. யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது. குப்பியில் குறியீடு மட்டும். பிறகு ஆண்டுக்கணக்கில் எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை.

“பலன் தெரிந்த ஊசியைக் கொடுக்காதது பாவம்” என்பார்கள். எங்கே தெரிந்திருந்தது? பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளை முக்கால் பங்குக்கு மேல் காத்த பிசிஜி, அமெரிக்காவின் ஜார்ஜியா, அலபாமா பகுதிகளில் ஏறக்குறைய உதவவே இல்லை. நம் ஊர் முடிவு 1979இல் வந்தது: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை. பதினைந்தாண்டுக் கண்காணிப்பும் அதையே உறுதி செய்தது. பிளாசிபோ குழு இல்லாதிருந்தால், நோய் வராத ஒவ்வொருவரையும் ஊசி காத்ததாகவே எழுதி வைத்திருப்போம். பிறந்த குழந்தைக்கு இன்றும் பிசிஜி போடுவது, மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காசநோய்களிலிருந்து அது காப்பதால். அதை யாரும் தவிர்க்கக் கூடாது.

“மாத்திரை போட்டேன், சரியாச்சு, இதுக்கு மேல என்ன சான்று?” முழங்கால் வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மருத்துவரைத் தேடிப் போகிறோம். அடுத்த வாரம் அது தானாகவும் தணியும். பேர் மாத்திரைக்குப் போகும்.

நேரெதிராக, “மனசு நம்பினா வெறும் மாத்திரையே குணமாக்கும்” என்பாரும் உண்டு. 2001இல் டென்மார்க் ஆய்வாளர்கள் இருவர் நூற்றுக்கும் மேற்பட்ட சோதனைகளைத் திரட்டி, பிளாசிபோ பெற்றவர்களை எதுவுமே பெறாதவர்களோடு ஒப்பிட்டார்கள். வலி போல நோயாளி வாய்விட்டுச் சொல்லும் தொல்லைகளில் கொஞ்சம் பலன். மற்றவற்றில் குறிப்பிடும்படி ஏதுமில்லை.

“ஏழைகளுக்கு மருந்தை மறுத்து வேடிக்கை பார்க்கிறார்கள்” என்பதுதான் கடுமையான குற்றச்சாட்டு. வேலை செய்யும் மருந்து கையில் இருக்கும்போது அப்படிச் செய்தால் அது குற்றமே. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் இதில் என்ன செய்தது? வீட்டிலிருந்தே சிகிச்சை பெறலாமா, சானடோரியத்தில்தான் படுக்க வேண்டுமா என்பது அதன் கேள்வி. மருந்து ஏற்கெனவே நிரூபணமானது என்பதால், இரு குழுவினருக்கும் ஓராண்டு அதே மருந்தைத்தான் கொடுத்தார்கள். வீட்டுச் சிகிச்சை சளைத்ததல்ல என்று 1959இல் தெரிந்தது.